பிரஷ் பிடியில் தேய்த்த மணி

ரொமுலோவிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். குசினிக்காரன் பேச்சைக் கப்பலில் எவன் கேட்கிறான்? சோறு மட்டும் வேளாவேளைக்கு வேண்டும்.

ஒப்பந்தம் முடிந்து, பிலிப்பைன்ஸில் இலோயிலோவில் இருக்கும் வீட்டுக்கு அவன் போய்ச் சேர இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த நேரம் பார்த்து அவன் மனைவி லிகாயா போனில், "என்னால முடியல. நீ வந்ததும் உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வரணும்" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டான் என்று இவனாகவே முடிவு கட்டினான். எங்கள் மாலுமிகளுக்கோ எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து, பொலிதாஸ். பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியை வெட்டி மணியாகத் தேய்த்து, ஆணுறுப்பின் தோலைக் கீறி உள்ளே தள்ளிவிடுவார்கள். அது இருந்தால் பெண்டாட்டி காலைச் சுற்றிக் கிடப்பாளாம்.

மணியைத் தேய்த்தவர் டெக் மாலுமிகளின் மேஸ்திரி, போசன் டெல்பின்.

"நம்ம பாட்டன்மாரு பித்தளை ஆணியே போட்டிருந்தாங்கடா! வெள்ளைக்காரன் கப்பல்ல வந்து பாத்து மிரண்டு போனான். நீ துளியூண்டு பிளாஸ்டிக்குக்கு நடுங்கறே!"

எல்லோரும் சிரித்தார்கள். ரொமுலோவும் சிரித்தான்.

"வேணாம்டா. பேசணும்னுதானே சொன்னா? போய்ப் பேசு" என்றேன்.

"போய் மீனை வறு மச்சான். உனக்குப் பெண்டாட்டியே இல்ல, நீ எனக்குப் புத்தி சொல்றியா?"

மீன் வறுக்கப் போனேன். அன்று ராத்திரியே டெல்பின் கீறி மணியை உள்ளே தள்ளிவிட்டார்.

கடல் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்பது இவர்கள் வேதம். அந்தக் காலத்து ஆட்கள் கடலிலேயே குதித்துக் குளித்தார்கள். எங்கள் கப்பலில் அதற்கு ஏது வழி? போசன் தீயணைப்புக் குழாயைத் திறந்து, துருவோடு வந்த கடல் தண்ணீரை வாளியில் பிடித்துக் கொடுத்தார். அதில்தான் காலையும் மாலையும் கழுவினான், பாவி. வாரம் திரும்புவதற்குள் காய்ச்சல். நான் கஞ்சி கொண்டு போனபோது அறையே நாறியது.

"கேப்டன்கிட்ட சொல்லப்போறேன்."

என் காலைப் பிடித்துக்கொண்டான். "சொன்னே, நான் செத்தேன். இதுக்காக எறக்கிவிட்டா எந்த ஏஜென்சிக்காரனும் என்னை எடுக்கமாட்டான். லிகாயா காதுக்கும் போயிடும்."

"நீ செத்தாலும் அவ காதுக்குப் போகும்டா!" என்று கத்திவிட்டு மேலே ஓடினேன்.

அடுத்த துறைமுகத்தில் அவனை இறக்கினார்கள். அழுகியதை வெட்டித்தான் மருத்துவர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள். மணியோடு அவன் ஆண்மையும் போயிற்று.

என் ஒப்பந்தம் முடிந்ததும், கப்பலில் கிடந்த அவன் பையைக் கொடுக்க வீட்டுக்குப் போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கூப்பிட்டேன், அசையவில்லை. லிகாயா என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டாள்.

"வேற ஆளுன்னு நெனச்சாராமே அண்ணே? ஒருத்தனும் இல்ல. கப்பலை விட்டுடு, இங்கயே ஏதாவது தொழில் பாரு, வருஷம் பூரா வீட்ல இருன்னு சொல்லத்தான் காத்திருந்தேன்."

அந்த டெல்பினை நடுக்கடலில் தள்ளியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

"இப்ப எம் மூஞ்சியப் பாக்கறதே இல்ல. 'போயிடு, போயிடு'ன்னு செவுத்தப் பாத்துச் சொல்றாரு."

"போகப்போறியாம்மா?"

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

"எங்க போறது? வீட்ல இருக்கணும்னு கேட்டேன். இருக்காரு."