இருபத்தாறாம் தேதிப் படையல்

எங்கள் பூவிழியைச் சுனாமி கொண்டுபோன பிறகும், மாதாமாதம் இருபத்தாறாம் தேதி அவள் வீட்டுக்கு வந்துபோனாள். சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்குக் கவலையில்லை.

கல்யாணமாகாமல் செத்த பெண் எங்களுக்கு வீட்டுத் தெய்வம். புதுத்துணி வைத்து, அவளுக்குப் பிடித்த வாளைக் கருவாட்டுக் குழம்பைப் படைப்போம். அந்த இலையில் முதலில் சாப்பிடுவது தாய்தான். என் மனைவி ராசம்மாள் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவள் முகமும் கழுத்தும் குங்குமம் அப்பியதுபோல் சிவந்துவிடும். மூச்சு வாங்கும். பூவிழிக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் சிவப்பாள். தாய் மேல் மகள் இறங்கிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

"வந்துட்டியாம்மா?" என்று காலைப் பிடித்துக்கொள்வேன். "அன்னிக்கு மீன் வாங்கியான்னு உன்ன கரைக்கு அனுப்பினது நான்தாம்மா."

என் தலையைத் தொட்டு, "பரவால்லப்பா" என்பாள்.

நான் அனுப்பியதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. ராசம்மாளிடம்கூட. அன்று அவள் பெருமுக்கல் கோயிலுக்குப் போயிருந்தாள்.

ராசம்மாள் இளைத்துக்கொண்டே போனாள். நாளைக்குப் பத்து முறை வயிற்றால் போயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் என்றிருந்தோம். உப்பள வேலைக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். குடலில் கட்டி, கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். அந்தக் கட்டி ரத்தத்தில் எதையோ சுரக்கிறதாம். அதை அடக்க மாதம் ஒரு ஊசி.

சாப்பாட்டு யோசனை சொல்ல ரேணுகா என்று ஒரு மேடம் இருந்தார். தின்பதையும் முகம் சிவப்பதையும் நோட்டில் எழுதிவரச் சொன்னார். எழுதிப்போனேன். படையல் நாளில் பேனாவால் வட்டம் போட்டார்.

"கருவாடு, ஊறுகா, சாராயம் எதுவும் இவங்களுக்கு ஆகாதுங்க. அதனாலதான் மொகம் செவக்குது. கொஞ்சங்கொஞ்சமா ஆறு வேளை குடுங்க. முட்டை, புது மீன், பருப்புத் தண்ணி. சத்தெல்லாம் வயித்தால போயிடுது, உடம்பு தேறணுமில்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் மகளைக் கருவாடு என்கிறாளே!

ஆனாலும் சொன்னபடி செய்தேன். ராசம்மாளுக்கு இரண்டு கிலோ ஏறியது. அடுத்த இருபத்தாறாம் தேதி குழைந்த சோறும் அவித்த முட்டையும் படைத்தோம். ராசம்மாள் சாப்பிட்டாள். காத்திருந்தேன். பூவிழி வரவில்லை. மறுமாதமும் வரவில்லை. மகள் இரண்டாம் முறை செத்த மாதிரி இருந்தது.

மூன்றாம் மாதம் நானே கருவாட்டுக் குழம்பு வைத்தேன். முகம் சிவப்பது எதனால் என்று தெரியும். மனசு கேட்கவில்லை. ராசம்மாள் இலையில் சோற்றுக்கும் முட்டைக்கும் பக்கத்தில் ஒரு துண்டு வைத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு. படையலுக்கு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவள மீனுக்கு அனுப்பின. இப்ப என்னக் கருவாட்டுக்கு அனுப்புறியா?"



"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் காலப் புடிச்சிக்கிட்டுதான அழுத? கேட்டுது."

"அப்ப, பரவால்லப்பான்னு சொன்னது யாரு?"

ராசம்மாள் கருவாட்டை இலையோரம் ஒதுக்கிவிட்டு முட்டையை உரித்தாள். பாதியைப் பிட்டு என் பக்கம் வைத்தாள்.

அவள் முகம் கொஞ்சமும் சிவக்கவில்லை. அதில் என் மகளைத் தேடினேன். ராசம்மாள்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.