வெப்பக்கண்

கங்காரு சுடுகிறோம் என்றால் சிட்னிக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அவர்கள் வீட்டு நாய் தின்னும் டப்பா இறைச்சி மரத்தில் காய்க்கிறது என்று நினைப்பு. பாரூ ஆற்றுப் பக்கம் நானும் என் புருஷன் பெவனும் அதைத்தான் பிழைப்பாக வைத்திருந்தோம். இரவில் விளக்கடித்து அவன் சுடுவான். நான் வண்டி ஓட்டுவேன். விழுந்ததைக் கிழித்துச் சுத்தம் செய்து கொக்கியில் தொங்கவிடுவேன். குளிர்க்கிடங்கில் தலையில் சுட்டதை மட்டும்தான் எடுப்பார்கள். உடம்பில் குண்டு பட்டிருந்தால் காட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான். பெவன் அப்படி விட்டு வந்ததே கிடையாது. அந்தப் பெருமையை மதுக்கடையில் அவன் சொல்லாத நாளும் கிடையாது.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பெண் கங்காரு விழுந்தால் வயிற்றுப் பையில் பெரும்பாலும் குட்டி இருக்கும். தாயில்லாமல் அது பிழைக்காது, குளிரிலோ நரி வாயிலோ போகும். உடனே முடித்துவிட வேண்டும் என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் அதுதான் நியாயம். பின்கால்களைச் சேர்த்துப் பிடித்து வண்டியின் பின்கம்பியில் ஒரே அடி. பெவன் அந்தப் பக்கமே பார்க்க மாட்டான். எனக்குக் கை பழகியிருந்தது.

போன குளிர்காலத்தில் ஒரு குட்டி கிடைத்தது. அப்போதுதான் ரோமம் முளைத்திருந்தது. வெளியே எடுத்ததும் குளிர் தாங்காமல் என் சட்டைக் கைக்குள் தலையை நுழைத்து முழங்கை வரை ஏறிவிட்டது. அதுதான் பை என்று நினைத்துவிட்டது. இழுத்து எடுத்து முடித்தேன். வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன்.

"இனிமே நான் பையத் திறக்க மாட்டேன். நீ இன்னொரு பொட்டையச் சுட்டீன்னா டூவூம்பாவுல எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் நீயே சுடு, நீயே கிழி, நீயே ஆக்கித் தின்னு."

"சுட மாட்டேன் நோல். ஆண் மட்டும்தான். சத்தியமா," என்றான்.

விளக்கு வெளிச்சத்தில் அது பெரிய காரியமில்லை. எங்கள் பக்கத்தில் சிவப்பாக இருந்தால் ஆண், நீலம் பாய்ந்த சாம்பலாக இருந்தால் பெண், அநேகமாகத் தப்பாது. ஆனால் சனி ஞாயிறு நகரத்திலிருந்து வந்து கண்டதையும் சுட்டுத் தள்ளிய பயல்களால் கங்காருக்கள் விளக்கைக் கண்டாலே ஓட்டம் பிடித்தன. கொக்கிகள் காலியாகவே வீடு திரும்பின. இருட்டில் பார்க்கும் கருவி இல்லாமல் இனி அடுப்பு எரியாது என்றாகிவிட்டது.

கன்னமுல்லாவில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் டல்லி இரண்டு கருவிகளோடு வந்து சேர்ந்தான். பாலைவனத்துக்கே மணல் விற்கிற வாய் அவனுக்கு. இரண்டுமே துப்பாக்கி மேலிருக்கும் பழைய ஸ்கோப்புக்கு, அதாவது குறிபார்க்கும் குழலுக்கு, முன்னால் மாட்டுகிறவை. ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஒளியை அடித்துப் பார்க்கிற ஒளிக்கண். அதில் மயிர்கூடத் தெரியும். ஆனால் புழுதி எழுந்தால் எல்லாம் வெளுத்துவிடும், கொஞ்ச தூரம் தள்ளிப் போனால் ஒன்றும் தெரியாது. மற்றது வெப்பக்கண். சூடுள்ளது எதுவோ அது வெள்ளை, மிச்சமெல்லாம் சாம்பல். புழுதியும் புதரும் அதற்குப் பொருட்டே இல்லை. இரண்டிலும் நிறம் கிடையாது.

"இத மாட்டிப் பாரு பெவன். பொண்டாட்டியவே மறந்துருவ," என்றான் டல்லி.

"அதுக்குத்தான் பீர் இருக்கே," என்றான் என் புருஷன்.

"ரெண்டு பேரும் இளிச்சு முடிச்சாச்சா? இதுல ஆணு பொண்ணு தெரியுமா, அதச் சொல்லு."

"தோளப் பாத்தாத் தெரிஞ்சிரும் நோலீன். ஆணுக்குக் குஸ்திக்காரன் மாதிரி தோளும் கையும் இருக்கும்."

"உனக்கு அது ரெண்டும் இல்ல. உன்னைய எதுல சேக்குறது?"

இருட்டியதும் மாட்டுத் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் போய் நின்றோம். துப்பாக்கியில் குண்டு போடவில்லை. பெவன் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வான், உடனே நான் விளக்கைப் போட்டு நிறத்தைப் பார்ப்பேன். ஒளிக்கண்ணில் அவன் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. ஆனால் தொட்டியருகே வந்த ஒன்றிரண்டைத்தான் அவனால் பார்க்க முடிந்தது. வெப்பக்கண்ணை மாட்டியதும் மூச்சை இழுத்துப் பிடித்தான். புதர்க்காட்டுக்குள் கூட்டம் கூட்டமாக நின்றதாம்.

"அந்தா, தனியா நிக்கிறது. ஆண்," என்றான்.

விளக்கைப் போட்டேன். சாம்பல் நீலம். பை கனத்துத் தொங்கியது.

"அது திரும்பி நின்னுச்சு. கணக்குல சேராது," என்றான்.

"குண்டு பட்டாச் சேருமில்ல? கிட்டத்துல ஒண்ணு ரெண்டு சுட்டாலும் போதும். ஒளிக்கண்ணையே வாங்கு."

"ஒண்ணு ரெண்டுல வயிறு ரொம்புமா நோல்? சந்தேகமிருந்தா சுடவே மாட்டேன். என்னைய நம்ப மாட்டியா?"

நம்பினேன். கட்டிக்கொண்டவனை நம்பாமல் யாரை நம்புவது? வெப்பக்கண்ணை வாங்கினோம்.

அதன்பிறகு விளக்கே போடாமல் வேலை நடந்தது. மரக்கட்டைகள் டயரைக் கிழிக்கும் என்பதால் முதலில் பெவன் நடந்து போய்ப் பார்ப்பான். கைவிளக்கை ஆட்டினால் நான் வண்டியைக் கொண்டுபோவேன். எல்லாம் ஆண்தான். கொக்கிகள் நிரம்பின. நானும் கொஞ்சம் தூங்க ஆரம்பித்தேன்.

சில தடவை அவன் விளக்கை ஆட்டாமல் திரும்பி வந்தான்.

"மார்ல பட்டுருச்சு. கிடங்குல எடுக்க மாட்டாங்க. விட்டுட்டேன்."

முதல் தடவை சிரித்தேன். "என்னா வீரரே, கை நடுங்குதா?" மறுபடியும் நடந்தபோது சிரிப்பு வரவில்லை. பெவன் தன் தோல்வியை இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளும் மனிதன் இல்லை. கேட்டால், கருவியை மாட்டியதில் குறி விலகிவிட்டது என்றான். அப்படி நடப்பதும் உண்டு. ஸ்கோப்புக்கு முன்னால் எதை மாட்டினாலும் குண்டு ஒரு விரல்கடை தள்ளிப் போகலாம்.

அவன் பகலில் குறட்டை விடும்போது துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனேன். பட்டாணி டப்பாக்களில் கொதிக்கும் நீரை ஊற்றிக் கம்பங்களின் மேல் வைத்தேன், வெப்பக்கண்ணுக்குச் சூடு வேண்டுமே. சுட்டேன். எல்லா டப்பாவிலும் நட்டநடுவில் ஓட்டை. குறியில் ஒரு குறையும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் கண்ணால் பார்க்காமல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் பிறகு நான் போக வேண்டியிருக்குமே.

அந்த வாரமே பார்த்தேன். ஒன்று விழுந்தது. பெவன் துப்பாக்கியை வண்டிமேல் வைத்துவிட்டு, கத்தி தீட்டும் இரும்பை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தான். மனிதன் இருக்கும் திசையில் துப்பாக்கியை நீட்டிப் பார்ப்பது பாவம். கருவியை மட்டும் கழற்றிக் கண்ணில் வைத்தேன்.

வெள்ளையாக அவன் மண்டியிட்டிருந்தான். பக்கத்தில் வெள்ளையாகத் தாய். அதன் வயிற்றுக்குள் கையை விட்டு ஒரு சின்ன வெள்ளையை எடுத்தான். தரையில் வைத்தான். கை ஏறி இறங்கியது. அது துள்ளியது. மறுபடி ஏறி இறங்கியது. அடிக்கும்போது அவன் தலை வேறு பக்கம் திரும்பியிருந்தது. பார்க்காமல் அடிக்கிறான், படுபாவி. எங்கே படும்? அது ஊர்ந்து அவன் முழங்காலோடு வந்து ஒட்டிக்கொண்டது. அவன் பின்னால் சரிந்து உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். அது அணையாமல் வெள்ளையாகவே கிடந்து துடித்தது.

முகப்பு விளக்கைப் போட்டு நேராக ஓட்டினேன். டயர் போனால் போகட்டும். இறங்கி, அவனைத் தாண்டிப் போய், அதன் பின்கால்களைப் பிடித்துத் தூக்கினேன். தாடை உடைந்திருந்தது. கண் திறந்திருந்தது. பின்கம்பியில் ஒரே அடி. முடிந்தது.

பெவன் எழுந்திருக்கவில்லை. "ஆணுன்னுதான் நெனச்சேன் நோல்."

"எல்லாத்தையுமா?"

கீழே கிடந்த இரும்பை எடுத்துச் சட்டையில் துடைத்தான்.

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ போயிருவ."

"அதுக்காக இதப் போட்டு இப்படி வதைப்பியா? உனக்குத்தான் பாக்கவே முடியாதே. அப்புறம் எதுக்குய்யா இதுல கை வெச்ச?"

"உனக்கு வேணாமேன்னுதான்," என்றான். சின்னப் பிள்ளை போல அழுதான். மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை.

நான் விட்ட வேலையை எனக்காகத்தான் செய்திருக்கிறான். செய்யத் தெரியாமல் செய்திருக்கிறான். அவன் "மார்ல பட்டுருச்சு" என்று வந்து சொன்ன ஒவ்வொரு முறையும் இருட்டில் ஏதோ ஒன்று இப்படித்தான் ஊர்ந்திருக்கிறது. நான் வண்டியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அக்கா வீட்டுக்குப் போறியா?" என்று கேட்டான்.

அவன்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்திருந்தால் போயிருக்கலாம்.

"நான் போயிட்டா இத யாரு செய்வா? நீயா?" என்றேன். "எந்திரி. இனிமே பொட்டை விழுந்தா மறைக்காத. என்னையக் கூப்பிடு."

அவன் தலையாட்டினான். தண்ணீர்க் குடுவையைத் திறந்து என் கையில் ஊற்றினான். கழுவிக்கொண்டு வண்டியில் ஏறினேன். பாதிக் கொக்கிகள் இன்னும் காலியாகத்தான் இருந்தன. அவன் மேலே ஏறி வெப்பக்கண்ணை ஸ்கோப்பில் மாட்டும் சத்தம் கேட்டது.