அண்ணன் பேரில் ஒரு மூச்சு

மூச்சுப் பரிசோதனைக் குழாயில் ஊதப் போனவன் சின்னவன். வெளியே பெஞ்சில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தவனோ பெரியவன். பின்னே, சீட்டில் இருந்தது அவன் பேராச்சே.

இரும்புத் தொட்டிக்குள் இறங்கித் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது பெரியவன் வேலை. தொட்டி வாயில் நின்று பாதுகாப்புக் கயிறு பிடிப்பது தம்பி வேலை. இறங்குகிறவனுக்கு மட்டும் வருஷா வருஷம் மூச்சுப் பரிசோதனை. தேறவில்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

போன வருஷமே தட்டுத் தடுமாறித்தான் தேறினான். "சிகரெட் புகையும் துரு மாதிரிதான்யா. நுரையீரலை அரிக்கும். அதைத் தடுக்க உடம்பே ஒரு பூச்சு வச்சிருக்கு. நீ விடாம ஊதினா அதுவும் தீர்ந்துபோகும். அப்புறம் அரிச்சது அரிச்சதுதான்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

துருவைப் பற்றி எனக்கே பாடமா என்று சிரித்துக்கொண்டே வாசலில் ஒன்றைப் பற்றவைத்த மகராசன் இவன். இந்த வருஷம் ஆஸ்பத்திரி மாடிப்படி பாதியிலேயே மூச்சு வாங்கியது. உடனே மூளை குறுக்கே ஓடியது. ஒரே சாயல், ஒரே சீருடை. தம்பியோ சிகரெட்டைக் கையால் தொடாதவன்.

"எனக்காக ஒரு தடவை ஊதிடுடா."

அண்ணன் பேச்சைத் தட்டத் தெரியாத பிள்ளை, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

"ஊதுங்க, விடாதீங்க, இன்னும்" என்று நர்ஸின் குரல். பிறகு இருமல். மறுபடி ஊதச் சொன்னாள், மறுபடி இருமல். விளையாடுறானா பாவி என்று பெரியவன் பல்லைக் கடித்தான்.

கதவு திறந்தது.

"நீங்க தம்பியா? அண்ணனுக்கு மூச்சுக்குழாய் ரொம்பச் சுருங்கியிருக்குங்க. மருந்து கொடுத்தும் பார்த்தோம், சரியாகல. சிகரெட்டை இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க."

அவள் பின்னால் சின்னவன் தலை குனிந்து நின்றான். "நிஜமாவே முழுசா ஊதினேண்ணா. உன் வேலையைக் கெடுத்துட்டேன்."

 இருவரும் ஓய்வெடுக்கிற தகர அறை பெரியவன் கண்ணில் வந்து நின்றது. தொட்டிக்குள் கழற்றாத முகமூடியை இவன் அங்கேதான் கழற்றுவான். இவன் ஊத ஊத, தம்பி எதிரே உட்கார்ந்து சாப்பிடுவான். ஜன்னலைத் திறக்கவா என்று அவன் கேட்காத நாளில்லை. வெளியே துருத் தூசு, சாத்துடா என்று இவன் அதட்டாத நாளுமில்லை.

தம்பி கையிலிருந்த அட்டையை வாங்கி நர்ஸிடம் நீட்டினான். "இது என்னோடதும்மா. அண்ணன் நான்தான். சிகரெட் பிடிக்கிறவனும் நான்தான்."

"வேலை போயிடும்ணா" என்று சின்னவன் சட்டையை இழுத்தான்.

"போகட்டும்டா. இவன் பேர்ல புதுச் சீட்டு போட்டு வைத்தியம் பாருங்கம்மா."

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ சிகரெட்டே பிடிக்காதவருக்கா இப்படி?"

 தம்பி மறுபடி இருமத் தொடங்கினான். பெரியவன் போய், சாத்தியிருந்த ஜன்னலை அகலத் திறந்தான்.