பின்னால் போகாத கைப்பிடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வர வேண்டியதே இல்லை. ஒரு பத்திரிகைக்காரர் என்னிடம் கேட்டது, உழைக்கக்கூடிய, கையைக் கடிக்காத விலையில் ஒரு தூண்டில் ரீல் வாங்குவது எப்படி என்று அரைப்பக்கக் கட்டுரை. எனக்கு மீனைத் தட்டில்தான் தெரியும். ஆனாலும் தலையாட்டிவிட்டு, தூண்டில் சாமான் விற்கும் கடை ஒன்றில் போய் நின்றேன். அங்கே ஒரு பெண் கண்ணாடி மேசைமேல் ரீல்களைப் பரப்பி வைத்து, பாதி மடங்கிப்போன வலது கையால் ஒவ்வொன்றின் கைப்பிடியையும் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற கணவன், "குடு, நான் சுத்திக் காட்டறேன்" என்று கை நீட்டிக்கொண்டே இருந்தான். அவள் தரவே இல்லை.

கட்டுரை அங்கேயே உயிரை விட்டது. (அதன் மிச்சம் மீதி அங்கங்கே வரும். ரீல் வாங்க மட்டும் வந்தவர்கள் அடைப்புக்குறிகளைப் படித்துவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.)

2

முதல் தொடக்கம்: "தண்ணீர் அன்று கண்ணாடிபோல—"

வேண்டாம். தண்ணீரைக் கண்ணாடி என்றவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர்.

இரண்டாவது: "பக்கவாதம் அவளுடைய கையை மட்டுமா பறித்தது, அவளுடைய—"

இதை எழுதும்போது எனக்கே தொண்டை அடைத்தது. அடைத்ததில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதனால் அடித்துவிட்டேன்.

மூன்றாவது, விஷயத்தை நேராகச் சொல்வது. அவளைத் தையல்காரி ஆக்கியிருக்கிறேன், அக்கம்பக்கத்தில் டெய்லரக்கா. கணவன் ஏ.சி. மெக்கானிக். கல்யாணமான புதிதிலிருந்தே ஞாயிறு காலை இருவரும் ஊருக்கு வெளியே, கடலை ஒட்டிய கல்சுவருக்குப் போய்த் தூண்டில் போடுவார்கள். இருவரில் அவள்தான் கெட்டி. போன வருஷம் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, நடை திரும்பியது, வலது கை மட்டும் அரைமனதோடு வந்து சேர்ந்தது. ஒரு வேலையைத் தொடங்கும், நடுவில் நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்தால் மறுபடி தொடங்கும்.

இப்போதும் ஞாயிறு தவறாமல் போகிறார்கள். அவள் நாற்காலியில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பாள். மீன் கடித்ததும் கணவன் ஓடிவந்து, "குடு, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொள்வான். மீனும் வந்துவிடும். கூடையில் கிடக்கும் அதைப் பார்க்கவே அவளுக்குப் பிடிப்பதில்லை.

ஒரே ஒரு மீனையாவது அந்த வலது கையால், யாரும் தொடாமல், கரைசேர்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதில் ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

3

கடைக்காரர் தலைமேல் ஏற்றி வைத்த மூக்குக்கண்ணாடியைக் கல்லாப்பெட்டிக்குள் தேடிக்கொண்டே யோசனை சொன்னார்.

"அக்கா, இடது கை நல்லாத்தானே இருக்கு? ராடை ஸ்டாண்டுல சொருகிட்டு, இடது கையால சுத்துங்க. சுலபமா முடிஞ்சிடும்."

"அது இத்தனை நாளா ரெண்டு கை வேலையும் பாத்துடுச்சு. இனிமே ராடைப் பிடிச்சுக்கிட்டு சும்மா இருக்கட்டும். சுத்த வேண்டியது இதுதான்."

வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுத பிள்ளையைக் கொண்டுவந்து வகுப்பில் உட்காரவைத்த மாதிரி இருந்தது.

(ஏறக்குறைய எல்லா ஸ்பின்னிங் ரீலிலும் கைப்பிடியைக் கழற்றி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டலாம். மாட்டியபின் ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டியில் பேரிங் எத்தனை என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.)

கணவன் இருப்பதிலேயே விலை உயர்ந்ததை எடுத்து நீட்டினான். "காசு போனா போகுது. இதை வாங்கிக்கோம்மா."

"இதை வாங்கினா உப்புத்தண்ணி படும், கீறல் விழும்னு நீங்க என் கையிலயே குடுக்க மாட்டீங்க."

அவன் அதைத் திரும்ப மேசைமேல் வைத்தான். அவள் சொன்னது சரி.

மலிவான ஒன்றை எடுத்துச் சுற்றினாள். கை நடுவில் நின்றது. கைப்பிடி கால் சுற்று பின்னால் சரிந்து, அப்புறம் 'டக்' என்று பிடித்தது.

"இது பின்னால போகுது."

"கொஞ்சம்தானேக்கா. அந்த விலைக்கு அப்படித்தான் இருக்கும்."

"என் கை எங்க நிக்குதோ அங்க இதுவும் நிக்கணும். தையல் மெஷின் சக்கரம் கொஞ்சம் பின்னால போனாலே நூல் சிக்கி அறுந்துடும். எனக்குத் தெரியாதா?"

இன்னொன்று. இன்னொன்று. எல்லாம் சரிந்தன. கணவன் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தான். கடைசியில் கடைக்காரர் கீழ்த்தட்டிலிருந்து தூசி படிந்த ஒன்றை எடுத்தார். பல்பொடி நிறம். அந்த நிறத்துக்காகவே யாரும் சீண்டாமல் விலையைக் குறைத்து வைத்திருந்தார். அவள் சுற்றினாள். கை நின்றது. கைப்பிடியும் நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சுற்றினாள்; விட்ட இடத்திலிருந்தே தொடங்கியது.

"இந்தக் கலரா?" என்றான் கணவன்.

"மீன் கலர் பாத்தா வருது?"

4

பின்னால் போகாத ரீலைக் கதைக்குள் கொண்டுவந்துவிட்டு, நான் மட்டும் பின்னால் போய் அடித்துக்கொண்டிருப்பது நியாயமில்லை. ஆகவே இனி எதையும் அடிப்பதில்லை. கீழே இருப்பதும் அப்படியே இருக்கட்டும்:

"அவளை எதையும் செய்யவிடாமல் அடக்கிவைத்த அந்தக் கணவன்—"

இந்த வாக்கியம் நகர மறுத்தது. கணவனை வில்லனாக்கினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் கடையில் நான் பார்த்த பெண்ணின் பின்னல் நேராக, இறுக்கமாக இருந்தது. அந்தக் கையால் அவளே பின்னியிருக்க முடியாது. ஏ.சி. பைப்பை வளைக்கிற ஒருவன் உட்கார்ந்து தலைவாரப் பழகியிருக்கிறான். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். அவள் விழுந்த நாளில் தாங்கிப் பிடித்தவன் அவன். பிடிக்கப் பழகிவிட்டான், விடத்தான் பழகவில்லை. அவளுக்கு அவன்மேல் கோபம் வருகிறது. கோபப்பட்டதை நினைத்து வெட்கமும் வருகிறது. இரண்டும் சேர்ந்துதான் அவளைத் தூங்கவிடாமல் செய்கின்றன.

சனிக்கிழமை ரீலில் நூல் சுற்றி முடித்ததும் சொன்னாள்: "நாளைக்கு மீன் கடிச்சா நீங்க கையைப் பின்னால கட்டிக்கணும்."

"நூல் அறுந்துட்டா?"

"அறுந்து போகட்டும்."

"நீ விழுந்துட்டா?"

"விழுந்தா என்னைத் தூக்குங்க. மீனைத் தூக்காதீங்க."

5

ஞாயிறு. கல்சுவர். வெயில் ஏறிய பிறகு மீன் கடித்தது.

(நூலை விட்டுக்கொடுக்கும் திருகு ஒன்று ரீலின் தலையில் இருக்கும். மீன் கடித்தபின் அதைத் தேடுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. முன்பே கையால் நூலை இழுத்துப் பார்த்து, அளவாக இறுக்கிவையுங்கள். அவள் வைத்திருந்தாள். கட்டுரை இத்துடன் முடிந்தது.)

ராடு வளைந்தது. இடது கை பிடித்துக்கொண்டது, வலது கை சுற்றியது. நாலைந்து சுற்றில் கை நின்றது. மீன் இழுக்க, கொஞ்சம் நூல் போயிற்று. கைப்பிடி மட்டும் அசையவில்லை. அவள் காத்திருந்தாள். கை மறுபடி கிளம்பியது. அவள் முதுகுக்குப் பின்னால் கணவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

6

முடிவுகள் என்னிடம் மூன்று இருந்தன. ஒன்றில் மீன் வருகிறது, இருவரும் சிரிக்கிறார்கள், பத்திரிகைக்காரருக்குப் பிடிக்கும். ஒன்றில் நூல் அறுகிறது, அவள் அமைதியாக அடுத்த முள்ளைக் கட்டுகிறாள், விமர்சகர்களுக்குப் பிடிக்கும். இன்னொன்றில் அவளாகவே ராடைக் கணவனிடம் நீட்டி, "வாங்க, சேர்ந்து பிடிப்போம்" என்கிறாள். இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க என்னையே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. மூன்றிலும் நான் செய்தது ஒரே வேலை. குடு, நான் பாத்துக்கறேன்.

எனவே முடிவு என்னிடம் இல்லை. இருப்பது இவ்வளவுதான். கல்லுக்குப் பக்கத்தில் மீனின் வெள்ளை வயிறு ஒருமுறை தெரிந்து மறைந்தது. அவள் கை மறுபடி நின்றிருக்கிறது. நூல் விறைத்திருக்கிறது. கைப்பிடி பிடித்த இடத்திலேயே பிடித்திருக்கிறது. பின்னால் கட்டியிருந்த கணவனின் கை ஒன்று தானாக அவிழ்ந்து முன்னால் வருகிறது. அவள் திரும்பாமலே, "கை" என்கிறாள். அவன் மறுபடி கட்டிக்கொள்கிறான்.

நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். வந்து பக்கத்தில் நில்லுங்கள். அவசரமாக முடித்துவைக்க உங்களுக்கும் கை பரபரக்கும், எனக்குத் தெரியும். பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

அவள் சுற்றுகிறாள்.