அறைக்குள் உட்கார்ந்த வார்டர்

அந்த வார்டருக்குச் சிறையில் 'இடி' என்று பட்டப்பெயர். அவர் கூப்பிட்டால் நாலு பிளாக்குக்கும் கேட்கும். போன வருஷம் ஒரு கைதியின் அப்பா இறந்த செய்தியைக்கூட நடைபாதையில் நின்றபடியே கத்திச் சொல்லிவிட்டு, அடுத்த பூட்டைப் பார்க்கப் போய்விட்டார். அந்த ஆள் ஒரு வாரம் சோற்றைத் தொடவில்லை. இந்த வருஷம் வார்டர்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தபோது, "பேசக் கத்துக்கொடுக்கிற இந்த வகுப்பே உங்களுக்காகத்தாண்ணே வச்சிருக்காங்க" என்று சக வார்டர்கள் ஓட்டினார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். உள்ளுக்குள் குத்தத்தான் செய்தது.

வகுப்பெடுக்க வந்த அம்மாள் பாடம் முழுவதையும் ஒத்திகையாகவே நடத்தினார். கெட்ட செய்தியை நின்றுகொண்டு சொல்லாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள், சுற்றி வளைக்காதீர்கள் என்றார். இடி முதல் தடவை 'மெதுவாக'ச் சொன்னபோது வாசல் காவலரே என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார். ஐந்தாவது தடவை தேறிவிட்டார்.

மறுநாள் காலையே வேளை வந்தது. தையல் கூடத்தில் வேலை செய்யும் கைதியின் தாயார் இறந்துவிட்டதாகப் போன் வந்தது. "நீயே போய்ச் சொல்லு" என்றார் ஜெயிலர். இந்தத் தடவையாவது மனுஷனாகச் சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வார்டர் நடந்தார்.

தையல்காரன் போர்வையை மடித்துக்கொண்டிருந்தான். வார்டர் கதவைத் திறந்து உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே அவன் முகம் வெளிறிப்போனது. அவன் உள்ளே வந்த பதினோரு வருஷத்தில் எந்த வார்டரும் அந்த அறைக்குள் உட்கார்ந்ததில்லை. அதை வகுப்பெடுத்த அம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை.

"யாருய்யா? எங்கம்மாவா, எம் பொண்ணா?"

மகளுக்குப் போன வாரம்தான் பெரிய ஆபரேஷன் நடந்திருந்தது.

ஒத்திகை பார்த்த வாக்கியமெல்லாம் வார்டருக்கு மறந்தேபோனது. "அம்மாதாம்பா" என்றார். அவர் குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அப்பாடா" என்றுவிட்டான் அவன்.

சொன்ன வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு தலையில் மடேர் மடேரென்று அடித்துக்கொண்டான். "பெத்தவ செத்துட்டான்னு சொல்றீங்க, அப்பாடாங்கிறேனே! நானெல்லாம் ஒரு மனுசனாய்யா?"

வார்டர் அவன் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தார்.

"உங்கம்மா இங்க இருந்திருந்தா அவங்களும் அதத்தான்பா சொல்லியிருப்பாங்க. பேத்திக்கு ஒண்ணும் ஆகலையேன்னு."

அதன் பிறகுதான் அவன் தன் அம்மாவுக்காக அழுதான்.