ஒரு வேனுக்கு இரண்டு ஞானத்தகப்பன்கள்

காலை ஏழு மணிக்கு மலையூர் ஒயாந்தாவின் சதுக்கத்தில் வேனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. ஞானத்தகப்பன், ஊரே ‘தோன்’ என்று மரியாதையாக அழைக்கும் அர்க்கிமிதெஸ், பீர் பாட்டிலைத் திறந்து, முதல் வாயைப் பூமித்தாய்க்கென்று கல்தரையில் ஊற்றினார். அடுத்த வாய் நான்கு சக்கரங்களுக்கு. மிச்சம் முன்கண்ணாடிக்கு. பிறகு ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்த வண்ணக் காகிதத் துகள்களை வேனின் தலையிலும், அதன் சொந்தக்காரி ரூஃபினாவின் தலையிலும், அவள் தம்பி எலோயின் தலையிலும், பயணத்துக்குத் தயாராக நின்ற மூன்று டீச்சர்களின் தொப்பிகளிலும் கொட்டித் தீர்த்தார்.

“உன் பேரு எங்க்ரெயீதா,” என்று வேனைப் பார்த்துச் சொன்னார். “செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன பொண்ணுன்னு அர்த்தம். ஆனா நீ கெட்டுப்போயிடாத. மேட்டுல நிக்காத. பள்ளத்துல பறக்காத.”

சதுக்கமே கைதட்டியது. ரூஃபினாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒன்பது வருடம் அடுத்தவர்கள் வண்டியில் வழிகாட்டியாகப் போய், யாரோ கொடுத்த கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் அவள். இன்று வண்டியும் அவளுடையது, கொடியும் அவளுடையது. கொடியில் அவளே, அந்த மலைகளில் பொதி சுமக்கும் லாமா ஒன்றை வரைந்திருந்தாள். அது பூனை மாதிரி இருந்தது.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. சதுக்கத்தில் பெரிய பிசோனாய் மரத்தடியில் பதினேழு வேன்கள் வரிசையில் நிற்கும். ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் முன்னால் நிற்கும் வண்டிகளில்தான் ஏறுவார்கள். மரத்தடியில் இடமில்லாத வண்டி ஆற்றோரம் நின்று ஈ ஓட்ட வேண்டியதுதான். எந்த வண்டிக்கு எந்த இடம் என்று முடிவு செய்கிறவர் ஓட்டுநர் சங்கத் தலைவர் தோன் அர்க்கிமிதெஸ். அதனால்தான் இரண்டு வாரத்துக்கு முன்னால் சூடான ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு, ஆறு பாட்டில் பீரோடு அவர் வீட்டுக்குப் போய், “எங்க வேனுக்கு நீங்கதான் ஞானத்தகப்பனா இருக்கணும்,” என்று கேட்டாள். அவர் முதல் கிளாஸை வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டால் சம்மதம். அதற்குமேல் கேட்டவரும் பின்வாங்க முடியாது, குடித்தவரும் பின்வாங்க முடியாது. இடத்தைப் பற்றி மட்டும், “முதல் பயணம் நல்லபடியா முடியட்டும், பார்ப்போம்,” என்று சொல்லியிருந்தார்.

வேன் கிளம்பும் நேரத்தில்தான் எலோய் அவள் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

“அக்கா, கோவிச்சுக்காத. நான் தோன் செவெரோகிட்ட கேட்டுட்டேன்.”

“என்னத்த கேட்ட?”

“ஞானத்தகப்பனா இருக்கச் சொல்லி.”

“யாருக்கு?”

“இந்த வேனுக்குத்தான். நீ யாரையும் கேட்கலைன்னு நெனச்சேன். திடீர்னு சொன்னா சந்தோஷப்படுவேன்னு…”

“குடிச்சாரா?”

“ரெண்டு கிளாஸ்.”

“எப்ப சொல்ற இதை? ஞானஸ்நானம் முடிஞ்சு, தலையெல்லாம் காகிதம் ஒட்டினப்புறமா?”

“நேத்துதான் நீ இவரைக் கூப்பிட்டிருக்கேன்னு தெரிஞ்சது. பயத்துல வாய் வரல. அவரு பத்து மணிக்கு உப்புப் பாத்தி மேட்டுல நிக்கிறேன்னிருக்காரு. பேண்டு வாத்தியத்தோட.”

மலையிலேயே பிறந்து வளர்ந்த ரூஃபினாவுக்குத் தலை சுற்றியது. செவெரோ பக்கத்து ஊர் உருபாம்பாவின் மெக்கானிக். செத்துப்போன இரண்டு வேன்களிலிருந்து இந்த ஒரு இஞ்சினை உயிர்ப்பித்தவர் அவர். எந்த வயர் எங்கே போகிறது என்று அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவரைப் பகைத்துக்கொண்டால் எங்க்ரெயீதா ஏதாவது ஒரு கொண்டைஊசி வளைவில் படுத்துவிடும், எழுந்திருக்காது. அர்க்கிமிதெஸைப் பகைத்துக்கொண்டாலோ அது எங்கேயும் நிற்கவே முடியாது. இந்த இருவரும் பதினோரு வருடமாகத் தெருவின் ஒரே பக்கத்தில் நடப்பதில்லை. திருவிழாக் கால்பந்துப் போட்டியில் ஒரு பெனால்டி. நடுவர் அர்க்கிமிதெஸ், கோல்கீப்பர் செவெரோ.

“போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிடு.”

“ஆறு தடவ போட்டேன். விடிஞ்சதுமே மேட்டுக்குப் போயிட்டாரு, அங்க டவர் இல்ல.”

முன்னாலிருந்து ஹாரன் ஒலித்தது. ஞானத்தகப்பன் முதல் பயணத்தில் முன்சீட்டில் உட்கார்ந்து வர வேண்டும் என்பது வழக்கம். அவர் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர்கள் மூவரும் அரெக்கிப்பாக்காரர்கள், அக்கா தங்கைகள், சென்ற டிசம்பரில்தான் ஓய்வு பெற்றவர்கள். மூத்தவள் தோஞா ஓதிலியா கணக்கு டீச்சர். எதைப் பார்த்தாலும், “எங்க ஊர்ல இதைவிடப் பெருசு இருக்கு,” என்பாள். கடைசித் தங்கை நீதியாவுக்கு மலை ஏற ஏறச் சிரிப்பு வந்தது. உயரம் சிலருக்குத் தலைவலி கொடுக்கும், சிலருக்கு வாந்தி கொடுக்கும். நீதியாவுக்குச் சிரிப்பு. வேன் பள்ளத்தாக்கை விட்டு மாராஸ் சமவெளிக்கு ஏறியபோது அவள் ஒரு கழுதையைப் பார்த்து இரண்டு கிலோமீட்டர் சிரித்தாள்.

“தம்பி,” என்றாள் ஓதிலியா, “கண்ணாடி முழுக்க இந்தக் கம்பளிக் குஞ்சமெல்லாம் தொங்குதே, உனக்கு ரோடு தெரியுதா?”

முன்கண்ணாடியின் மேல்விளிம்பு முழுவதும் எலோய் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் குஞ்சங்களைக் கட்டியிருந்தான். ஒரு ஆட்டு மந்தையையே மொட்டையடித்த அளவுக்குக் கம்பளி. பாதிக் கண்ணாடிக்குத் தொங்கியது.

“பழகிடுச்சு டீச்சர். நடுவுல ஒரு சந்து இருக்கு, அதுல பார்த்துப்பேன்.”

ரூஃபினா காலத்தைக் கடத்தப் பார்த்தாள். மொராயில் பூமிக்குள் வட்டம் வட்டமாக இறங்கும் படிவயல்களை எல்லோரும் மேலே நின்று படம் எடுத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்புவார்கள். அவள் டீச்சர்களைப் பாதை அனுமதிக்கிற தூரம் வரை இறக்கினாள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு விளக்கம் சொன்னாள். மேல் வட்டத்தில் குளிர், கீழ் வட்டத்தில் சூடு, அந்தக் காலத்தில் இங்கே விதைகளைப் பழக்கியிருக்கலாம் என்றாள். ஏழாவது விளக்கத்தில் ஓதிலியா அவளை உற்றுப் பார்த்தாள்.

“பொண்ணே, முப்பத்தாறு வருஷம் பசங்களப் பார்த்தவ நான். வீட்டுப்பாடம் எழுதாதவன்தான் இப்படி வளவளன்னு பேசுவான். என்ன பிரச்சினை?”

ரூஃபினா சொல்லிவிட்டாள். கேட்டு முடித்ததும் நடுத் தங்கை சிலுவை போட்டுக்கொண்டாள். நீதியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“சிரிக்காதடி!” என்ற ஓதிலியாவுக்கே சிரிப்பு தாங்கவில்லை. “ஒரு பிள்ளைக்கு ரெண்டு ஞானத்தகப்பன். எங்க ஊர்ல இதைவிடப் பெரிய கூத்து நடந்ததில்ல. ஒத்துக்கறேன்.”

அவள் எதையாவது ஒத்துக்கொண்டது அதுவே முதல் தடவை.

உப்புப் பாத்திகளுக்கு வேன் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றே கால். செவெரோ போயிருப்பார் என்று ரூஃபினா வேண்டிக்கொண்டாள். கடைசி வளைவில் டிரம் சத்தம் கேட்டது.

மேட்டின் விளிம்பில் அவர் நின்றிருந்தார். கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு, கழுத்தில் மலர்மாலை, கையில் பாட்டில். பின்னால் ஒரு டிரம், இரண்டு சாக்ஸபோன், பெரிய வித்வானின் கர்வத்தோடு ஒரு வயலின்காரர். அவர்களுக்கும் பின்னால் மலைச்சரிவு முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஆயிரக்கணக்கான உப்புப் பாத்திகள், வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. யாரும் அவற்றைப் பார்க்கவில்லை.

“அந்தக் கிரீஸ் டப்பா இங்க என்ன பண்றான்?” என்றார் அர்க்கிமிதெஸ்.

செவெரோ வேனைச் சுற்றி வந்தார். முகர்ந்து பார்த்தார். கதவில் ஒட்டியிருந்த காகிதத் துகளை நகத்தால் சுரண்டினார்.

“என் ஞானப்பிள்ளைக்கு எவன் பீர் ஊத்தினான்?”

“உன் ஞானப்பிள்ளையா? காலையில ஊரறிய நான் பேர் வச்சேன்யா!”

“இவளுக்கு உயிர் கொடுத்தவன் நான். பேர் வைக்கிறாராம் பேர்! அன்னிக்கும் இப்படித்தான், பந்து கோட்டைத் தாண்டறதுக்கு முன்னால விசில் ஊதினே.”

“தாண்டிச்சு!”

“தாண்டல!”

“ரெண்டு பேரும் கொஞ்சம்…” என்றான் எலோய்.

“நீ சும்மா இருடா!” என்றனர் இருவரும். பதினோரு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

பிறகு இருவரும் ரூஃபினா பக்கம் திரும்பினார்கள். “கொம்மாத்ரே, நீ சொல்லு,” என்றார் அர்க்கிமிதெஸ், ஞானப்பிள்ளையின் தாயை அழைக்கிற முறையில். “கொம்மாத்ரே, நீயே சொல்லு,” என்றார் செவெரோ. வாத்தியம் நின்றது. மரத்தடி இடம் ஒரு கண்ணிலும் இஞ்சின் ஒரு கண்ணிலுமாக அவள் நின்றாள்.

அப்போது நீதியா வேனுக்குள்ளிருந்து பாத்திகளைப் படம் எடுக்க முயன்றுகொண்டிருந்தாள். குஞ்சங்கள் மறைத்தன. முன்சீட்டுக்கு எக்கி, பிள்ளையின் நெற்றியில் விழும் முடியைத் தள்ளுவதுபோல் அவற்றை ஒதுக்கினாள்.

“ஐயே, முடியே வெட்டாத பிள்ள மாதிரி இருக்குக்கா இது!” என்று சொல்லிவிட்டு மறுபடி சிரிக்கத் தொடங்கினாள்.

ரூஃபினா அந்தக் குஞ்சங்களையே பார்த்தாள்.

“தோன் செவெரோ,” என்றாள். குரல் ஏன் இவ்வளவு உற்சாகமாக வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. “ஞானஸ்நானம் காலையில ஆச்சு, உண்மைதான். அதுக்கு ஒரு ஞானத்தகப்பன். ஆனா முதல் முடிவெட்டுக்கு? அதுக்கு வேற ஞானத்தகப்பன்தானே? எந்தப் பிள்ளைக்கு ஒரே ஆள் ரெண்டும் செஞ்சிருக்காங்க? மூணு வயசுல வெட்ட வேண்டிய முடி. இவ ரெண்டாயிரத்தி ஒம்போதாம் வருஷத்துப் பொண்ணு. பாருங்க, கண்ணே தெரியாம வளர்ந்து கெடக்கு!”

செவெரோ குஞ்சங்களைப் பார்த்தார். மாலையைச் சரிசெய்துகொண்டார்.

“முதல் கத்தைய யாரு வெட்டறது?”

“நீங்கதான். உங்களைத் தாண்டி யாரும் கத்தரிய தொட முடியாது.”

“இவன்?”

“அவரு விருந்தாளி. உங்களுக்கு அப்புறம்.”

செவெரோவின் மீசை விரிந்தது. “அப்ப சரி. நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல.”

ஓதிலியா பையிலிருந்து பூவேலைக் கத்தரியை எடுத்தாள். நடுத் தங்கை தன் தொப்பி ரிப்பனைக் கிழித்து, குஞ்சங்களைக் கத்தை கத்தையாகக் கட்டினாள். உப்பு விற்கும் பெண்ணிடமிருந்து ஒரு மண்தட்டு வந்தது. வாத்தியம் வெடித்துக் கிளம்பியது. செவெரோ முதல் குஞ்சத்தை வெட்டித் தட்டில் வைத்தார். முடி வெட்டுகிறவர் பிள்ளைக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும். ஆடோ, கோழியோ, நிலமோ, அவரவர் மனசு.

“பிரேக்கு,” என்று அறிவித்தார். “இவ ஓடுற வரைக்கும் இவ பிரேக்குக்கு நான் பொறுப்பு!”

கூட்டம் ஆர்ப்பரித்தது. உப்பு மூட்டை தூக்குகிறவர்களெல்லாம் வந்து கூடியிருந்தார்கள். தட்டு அர்க்கிமிதெஸ் முன்னால் போய் நின்றது. அவர் வாயை மென்றார். ஒரு குஞ்சத்தை வெட்டினார்.

“மரத்தடியில ஒரு இடம்,” என்றார். “பதிமூணாவது.”

ரூஃபினா ஒரு துள்ளு துள்ளினாள். இடம்! வாய்விட்டு, ஊர் முன்னால்!

“பதிமூணாவதா?” செவெரோ கைதட்டிச் சிரித்தார். “நான் உயிர காப்பாத்துற பிரேக்க குடுக்கறேன். இவரு நிழல்கூட விழாத இடத்தக் குடுக்கறாரு. பேர் வச்ச தகப்பனாம்!”

“எட்டாவது!”

“பெனால்டி மட்டும் தாராளமா குடுத்தே.”

“ஐஞ்சாவது!”

“எங்க ஊர்ல,” என்று ஓதிலியா வானத்தைப் பார்த்துச் சொன்னாள், “ஞானத்தகப்பன்னா மூணாவதுக்குக் கீழ பேசவே மாட்டாங்க.”

“மூணு! மூணாவது!” அர்க்கிமிதெஸின் முகம் சிவந்துவிட்டது. “போதுமா? இன்னும் வேணுமா? என் தொப்பிய வேணும்னாலும் எடுத்துக்கோங்க!”

நீதியா நிஜமாகவே தொப்பியை எடுத்துத் தட்டில் வைத்தாள். டீச்சர்கள் தங்கள் பங்குக்கு ஆளுக்கொரு கத்தை வெட்டினார்கள். ஜூலை விடுமுறையில் தங்கள் பழைய பள்ளியின் மொத்த டீச்சர்களையும் அனுப்பிவைப்பதாக வாக்குக் கொடுத்தார்கள். ரூஃபினா பூனை மாதிரி இருந்த லாமாக் கொடியைத் தலைக்குமேல் சுற்றிக்கொண்டு உப்பு மேட்டில் ஆடினாள். செவெரோவோடு ஒரு சுற்று, அர்க்கிமிதெஸோடு ஒரு சுற்று, சரிசமமாக. வயலின்காரர் வரை எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

திரும்பும்போது ஒரு சிக்கல் வந்தது. முடிவெட்டின ஞானத்தகப்பனுக்கும் முன்சீட்டு வேண்டுமாம். இருவரும் ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வாத்தியக்காரர்கள் பின்னால் ஏறினார்கள். டிரம் நீதியாவின் மடியில்.

எலோய் சாவியைத் திருப்பி நிமிர்ந்தான். கண்ணாடியில் ஒரு நூல்கூட இல்லை. எதிரே வெறோனிகா சிகரம் பனியோடு முழுசாக நின்றது. அதற்குக் கீழே ரோடு, ரோட்டுக்கு ஓரத்திலேயே பள்ளம், பள்ளத்தின் அடியில் நூல் மாதிரி ஆறு.

“அக்கா,” என்றான் மெல்ல, “இது எப்பவுமே இவ்வளவு ஆழமா?”

“எப்பவுமே.”

“பிரேக்கப் பிடிடா!” என்றார் செவெரோ.

“பிடிக்காத, போ! மரத்தடிக்கு நேரமாச்சு!” என்றார் அர்க்கிமிதெஸ்.