பானட்டு விளக்கு

"எதுக்குங்க பானட்டுக்குள்ளாற லைட்டு? இஞ்சினுக்கு இருட்டுன்னா பயமா?"

"வழியில நின்னுட்டா டார்ச்சு யாரு புடிக்கிறது? நீ வர்றியா?"

"கூப்ட்டா வர மாட்டேன்னா சொன்னேன்?"

"வருவ, வருவ. மலைக்குப் போற சாமிங்க எல்லாம் உன் வாயக் கேட்டுட்டு பாதியிலயே எறங்கிருவாங்க."

நேற்று சாயங்காலம் வாசலில் நின்று இப்படிச் சிரித்த தேவநாதன், இப்போது கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடந்தார். அவர் மனைவி சிவசங்கரி தலைமாட்டு விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு, அவர் கன்னத்தில் உட்காரப் பார்த்த ஈயை விரட்டினாள்.

அந்த சுமோ வண்டிதான் வீட்டுக்குச் சோறு. மார்கழிப் பனியில் சபரிமலை சவாரி போக வேண்டும் என்று மங்கிப்போன முன்விளக்குகளை மாற்றினார். பம்பரில் மஞ்சள் விளக்கு இரண்டு. பின்னால் புதிதாகச் சிவப்பு. கடைசியில் பானட்டின் உள்பக்கம் ஒரு பல்பு, அதற்கு பேட்டரி ஓரமாக ஒரு குட்டி சுவிட்சு. எல்லாம் கோதண்டபாணி கைவேலை. ஜங்ஷன் ரோட்டில் வண்டி எலக்ட்ரீசியன் கடை வைத்திருப்பவர், தேவநாதனோடு ஒரே பெஞ்சில் படித்தவர்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அவர் சிவசங்கரியை 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. "இன்னொரு தோச வேணுமான்னு அவர்கிட்ட கேளுங்க" என்று புருஷனிடம் சொல்வாள். "ஏன், அவனுக்குக் காது அவிஞ்சா போச்சு?" என்பார் தேவநாதன். மகன் நந்தகுமாருக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடிக்கு அவரைக் கேட்கலாம் என்று நினைத்தாள். உடன்பிறந்தவன் இல்லாதவள். நாக்கு நுனிவரை வந்த சொல், அவர் முகத்தைப் பார்த்ததும் திரும்பிவிட்டது. யாரோ ஒரு தூரத்து உறவு வந்து உட்கார்ந்தது.

விடிகாலை ஐந்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் தேவநாதன். நந்தகுமார் சாவியைத் திருப்பினான். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தெருவே கூடித் தள்ளியும் வண்டி கிளம்பவில்லை. இருபது நிமிஷம் போனது. பிறகு ஓர் ஆட்டோ கிடைத்தது. "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார் டாக்டர்.

ஒன்பது மணிக்கு உடம்பு வீடு வந்தது. பின்னாலேயே ஓடிவந்த கோதண்டபாணி அழுது முடித்து, வண்டிக்கு என்ன ஆனது என்று பார்க்கப் போனார். சிவசங்கரி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் லீவரை இழுக்காமலே பானட் அவர் விரலுக்கு வந்துவிட்டது. பாதிக் கொக்கியில்தான் நின்றிருந்தது. தேவநாதன் மூடினால் சத்தம் தெருமுனை வரை கேட்கும். பானட் திறந்ததும் உள்ளே பல்பு இழை, அணையப் போகும் பீடி போலச் சிவந்து தெரிந்தது.

நேற்று தேவநாதன் அவளுக்குச் சுவிட்சைப் போட்டுக் காட்டினார். வெயில் முழுசாகப் போகவில்லை, எரிகிறதா என்றே தெரியவில்லை. அவர் கோதண்டபாணியை வழியனுப்பத் தெருமுனைக்குப் போன நேரத்தில் தூறல் விழுந்தது. முட்டுக் கம்பியை எடுத்துவிட்டு பானட்டை மெல்ல அழுத்தி மூடியவள் அவள்தான். மூடிய இரும்புக்கடியில் ராத்திரி பூராவும் எரிந்து பேட்டரியைத் தீர்த்திருக்கிறது.

கோதண்டபாணி சுவிட்சை அணைத்தார். தலை நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். பானட்டை ஓங்கி அடித்து மூடினார்.

மதியத்துக்குள் வாசலில் பேச்சு தடித்துவிட்டது. தேவநாதனின் அண்ணன் ராஜாங்கம் விடவில்லை.

"லைட்டு போட்டாராம் லைட்டு! தேர் அலங்காரம் பண்றாப்புல. நல்லா ஓடுன வண்டிய நோண்டி என் தம்பிய வாரிக் குடுத்துட்டமே!"

"ஆமாங்க. நான் ஒயர் குடுத்ததுதான் தப்பாப் போச்சு" என்றார் கோதண்டபாணி.

"ஒத்துக்கிட்டான் பாரு. அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு இங்க நிக்கிற?"

"நீங்க போயிடுங்க மாமா" என்றான் நந்தகுமார். "எங்கப்பாவப் பாக்க வராதீங்க."

கோதண்டபாணி கேட்டுக்கு வெளியே போய், சாக்கடையோரம் நின்றுகொண்டார். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை.

கூடத்தில் பெண்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் வந்துவிட்டது. "பொறந்த வூட்டுக் கோடி வந்துடுச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். புருஷன் போனவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்த வேண்டிய புதுச்சேலை.

"இவளுக்கு யாரு இருக்கா?" என்றாள் ராஜாங்கத்தின் மனைவி ஆண்டாள். "மங்களூர்ல இவ பொறந்த வூடு பூட்டிக் கெடக்குது. நானே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். நம்மளே போத்திக்கலாம்."

சிவசங்கரி எழுந்தாள்.

"எங்கடி போற? ஒக்காரு. இப்ப வெளிய வரக்கூடாது."

"வரேன்க்கா."

கூடத்தைத் தாண்டினாள். வாசலுக்கு வந்தாள். ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"மாமா, அவர ஏசாதீங்க" என்றாள் ராஜாங்கத்திடம். "ஒயருல கோளாறு இல்ல. நேத்து தூத்தல்ல பானட்ட மூடுனது நான். லைட்டு எரியுதான்னு பாக்காம மூடிட்டேன்."

நந்தகுமார் அவளையே பார்த்தான். ராஜாங்கம் தோள் துண்டை எடுத்து, மறுபடி அதே தோளில் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, உள்ள போம்மா" என்றார் கோதண்டபாணி கேட்டுக்கு வெளியிலிருந்து, அவசரமாக. "பச்சத் தண்ணி குடிக்கல, என்னமோ பேசுது. எம் மேலதாங்க தப்பு."

அவள் படியிறங்கினாள். கேட் வரைக்கும் நடந்தாள்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள். அவரிடம் அவள் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "காலையிலயே தெரியும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். விரல்களில் பேட்டரிக் கறுப்பு. சட்டையில் அதைத் துடைக்கத் துடைக்க, சட்டைதான் கறுத்தது.

சிவசங்கரி கேட்டின் கொக்கியை எடுத்துவிட்டாள்.

"அண்ணே... எனக்குக் கோடி நீங்கதான் போத்தணும்."